திருநெல்வேலிச் சந்தை முதல் நந்திக்கடல் வரை

யாழ்ப்பாணத்தில் கீரை வாங்குவதென்றால் திருநெல்வேலிச் சந்தைக்கு விடியப்புறமே போக வேண்டும் என்பார்கள். பல்கலைக்கழகத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் அந்தச் சந்தைக்குக் கோண்டாவில், உரும்பிராய், இருபாலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சைக்கிள் கரியரிலும் சின்னச் சின்ன லான்ட்மாஸ்டரிலும் மரக்கறி வந்து இறங்கும். ஈரச் சாக்கு போர்த்திய கீரைக் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் தெளித்தபடி பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். முல்லைத்தீவுக்கு ஒரு வேலையாகப் புறப்பட்ட நான், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் முதலில் அங்கே போனேன். ஆனி மாதம். மாம்பழமும் பலாப்பழமும் வாசலிலேயே மணத்தன.

உள்ளே போனதும் கண்ணில் படுவது கரட், லீக்ஸ், கோவா. இவை நுவரெலியாப் பக்கமிருந்து லொறியில் இரவிரவாக வருபவை. டீசல் விலை ஏறினால் இவற்றின் விலையும் ஏறும். அவற்றைத் தாண்டிக் கடைசி மூலைக்குப் போனால்தான் நமது ஊர்ச் சாமான். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, அகத்தி, தூதுவளை, முடக்கொத்தான் எல்லாம் அங்கேதான் கிடந்தன. பெயர் தெரியாத ஒரு கொடியிலையைக் காட்டி, விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

“அம்மா, இது என்ன இலை?”

“இது முசுட்டை பிள்ளை. வேலியிலை படருறது. வறை வறுத்தால் சோத்துக்கு வேறை கறி தேவையில்லை.”

“சனம் வாங்குதே?”

“பழசுகள் வாங்கும். இளசுகளுக்குப் பேர் தெரியாது. தெரியாததை ஆர் வாங்குவினம்?”

அந்த அம்மா சொன்னது எனக்கு நெடுநேரம் மனதில் நின்றது. விலை கூடிப்போச்சுது, பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு குடுக்க வழியில்லை என்று நாம் சொல்லுகிறோம். அது பொய்யில்லை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை, ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. அதாவது நூறு ரூபாவுக்கு வாங்கியதற்கு ஏறத்தாழ இருநூறு ரூபா. அதன் பிறகு விலை ஏறும் வேகம் குறைந்ததே ஒழிய, ஏறிய விலை பழைய அளவுக்கு இறங்கி வரவில்லை. நம் கூலியும் அப்படி இரட்டிப்பாகவில்லை. ஆனால் அதே நேரம், ஒரு பைக்கற் கிறீம் பிஸ்கற்றின் காசுக்கு இரண்டு பிடி கீரை வாங்கலாம் என்பதும், அந்தக் கீரையில் பாதி நமது வேலியிலேயே காசில்லாமல் படர்ந்து கிடக்கிறது என்பதும் உண்மைதான். பெயர் மறந்துபோனதால் அது களையாகிவிட்டது.

வறைக்கு இலையை அரிந்த பிறகு கழுவக்கூடாது, கழுவிய பிறகே அரிய வேண்டும். அரிந்த இலையைத் தண்ணீரில் போட்டால் உயிர்ச்சத்து ‘சீ’ தண்ணீரோடு போய்விடும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, இலையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பிரட்டி, தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கிய பிறகு அரை தேசிக்காயைப் பிழிந்துவிட வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கைக்கும், சத்தும் வீண். அந்தப் புளி வெறும் ருசிக்கல்ல. இலையில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது, தேசிக்காயோ நெல்லிக்காயோ கூட இருந்தால்தான் கொஞ்சமாவது எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதையும் தடுத்துவிடும். எங்கள் ஊரில் சோறு முடிந்ததும் பிளேன்ரீ கேட்காத ஆள் இல்லை! ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடித்தால் ஒரு சதமும் செலவில்லாமல் பலன் கிடைக்கும்.

தேங்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 கடைசியில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டது. அதற்குப் பிறகு பல வீடுகளில் பால்கறி விசேட நாளுக்கு மட்டும் என்றாகிவிட்டது. பால் பிழிந்த பூவை எறியாமல் செத்தல் மிளகாயோடு இடித்துச் சம்பல் ஆக்குகிற வழக்கம் முன்பு இருந்தது. இப்போது மீண்டும் வந்திருக்கிறது.

சந்தையை விட்டு வெளிக்கிட முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கீரை என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கித்தான் கிணறு ஊறுகிறது. தோட்டத்துக்கு அள்ளிப் போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதே வழியால் இறங்குகின்றன. செம்மண் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளின் தண்ணீரில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அப்படிப்பட்ட தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற செறிவு இன்னும் கூடும். ஆகவே மலிவான மரக்கறிக்கு வேறொரு விலையையும் நாம் கிணற்றடியில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2021 வைகாசியில் இரசாயனப் பசளையை ஒரே நாளில் நிறுத்தியது போன்ற வேலையால் இது தீராது. அந்தத் தடையைக் கார்த்திகையில் அரசே விலக்கிக்கொண்டது. அதற்குள் வயல்கள் காய்ந்துவிட்டன. மண் பழக வருடங்கள் வேண்டும், கூட்டெருவும் வேண்டும். அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது, மருந்து அடித்து எத்தனை நாள் என்று விற்பவரிடம் கூச்சப்படாமல் கேட்பதுதான். வேலிக் கீரைக்கு ஒருவரும் மருந்து அடிப்பதில்லை என்பதால் நான் முசுட்டையையே வாங்கினேன்.

பஸ் ஏ-9 வீதியால் போனது. நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி. தென்மராட்சி பலாவுக்கும் மாவுக்கும் பேர்போன இடம். பலாப்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை எறிகிறவர்கள் உண்டு. அவித்துத் தோல் உரித்துக் கறியில் போட்டால் கிழங்கைப் போல ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காணும். மணலுக்குள் புதைத்து வைத்து மாரிக்கும் எடுத்துப் பாவித்த காலம் ஒன்று இருந்தது.

கொடிகாமத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அந்தச் சந்தையைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. தேங்காய்க் குவியல்களுக்கு அப்பால் பனம்பொருட்கள். ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு, பனங்கட்டிக் குட்டான், நீற்றுப்பெட்டி, சுளகு, உமல். ஒரு பனையிலிருந்து எத்தனை வீட்டுச் சாமான் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆவணி புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் களியைப் பாயில் ஊற்றிக் காயவிட்டால் பினாட்டு. கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் மார்கழி தையில் கிழங்கு. அதைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் ஊமல் அடுப்பெரிக்க உதவும். பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, பசளை போடுவதில்லை. சுற்றாடலுக்கு இசைவான உணவு என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அதைத்தான் எங்கள் பாட்டிமார் பாத்தி கட்டிக் கிண்டி எடுத்தார்கள். 1978இல் பனை அபிவிருத்திச் சபை தொடங்கப்பட்டதும் இந்த மரத்தின் அருமை கருதித்தான். போர்க்காலத்தில் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் எத்தனை என்று கணக்கே இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தவர்கள் இதை வாசிக்கிற உங்களிலும் இருப்பீர்கள். உடுப்பு வெளுத்தது, மாடு மட்டும் கொடியில் கிடந்ததைச் சூப்பிவிட்டுப் போகும்.

ஒடியல் மாவில் கூழ் காய்ச்சுவது தனி வீட்டுக்கு உரிய காரியமல்ல. மாவை ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டால் கைப்பு குறையும். ஒரு பெரிய பானையில் பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, விலை குறைந்த சின்ன நண்டு, மீன் தலை, கொஞ்ச இறால், கொஞ்ச அரிசி. செத்தல் மிளகாயையும் புளியையும் கரைத்துவிட்டுக் கடைசியில் மாவை ஊற்றிக் காய்ச்சினால் மூன்று நாலு வீட்டுக்குப் போதும். ஒரு வீட்டார் விறகு, ஒரு வீட்டார் மீன், ஒரு வீட்டார் மரக்கறி என்று போட்டால் ஒருவருக்கும் பெரிய செலவில்லை. பிளாவில் ஊற்றிக் குடித்தால் கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை. 2022இல் சமையல் எரிவாயுச் சிலிண்டர் ஒன்று 5,000 ரூபாவை நெருங்கியபோது, நகரத்துக்குள் இருந்தவர்கள்கூட முற்றத்தில் மூன்று கல்லு வைத்து இப்படிச் சேர்ந்து சமைத்தார்கள்.

கொடிகாமத்துக்கு அப்பால் காட்சி மாறிவிடும். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்டவர்களில் கணிசமானோர் பெண்கள். வெயிலுக்குள் முகக்கவசத்தோடு, அங்குலம் அங்குலமாக நிலத்தைத் தட்டிப் பார்க்கும் வேலை. அவர்கள் துப்புரவாக்கிய காணிகளில் இப்போது தென்னம்பிள்ளைகள் நிற்கின்றன. ஆனையிறவு உப்பளத்தில் உப்புக் குவியல்கள் தெரிந்தன. பரந்தனில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. ஒவ்வொரு பெயரையும் சொல்லும்போது உங்களில் பலருக்கு ஒரு திகதி ஞாபகம் வரும். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை.

விசுவமடுவுக்குச் சற்று அப்பால் ஒரு தங்கச்சியின் வீட்டில் நின்றேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2009இல் கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகள். மூத்த மகள் கலியாணம் கட்டி, முதற் பிள்ளைக்கு ஐந்து மாதம், தாயோடு இருக்கிறாள். கால் ஏக்கருக்குச் சற்றுக் கூடிய காணி, ஒரு கிணறு, ஒரு பசு, பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழி.

“வாங்கோ அக்கா, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளே?” என்றார். உடனேயே தானே சிரித்துக்கொண்டு, “இல்லை, மோர் தாறன். தேத்தண்ணியை இப்ப குறைச்சிட்டம். நேர்ஸ் பேசினவ” என்றார்.

கிளினிக்கில் மகளின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது ஈமோகுளோபின் 9 இருந்ததாம். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே இரத்தச்சோகை. பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம், பிரசவத்தில் இரத்தம் போனால் தாய் தாங்கமாட்டாள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, நீங்கள் என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். வெட்கமாகப் போய்விட்டது என்றார் தங்கச்சி. வீட்டில் கோழி இருக்கிறது, முட்டை இருக்கிறது, பால் இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிட்டதோ சோறும் சொதியும்.

“எல்லாத்தையும் வித்துப்போடுவன் அக்கா. வியாழக்கிழமை லோன்காரர் வருவினம். புதன்கிழமை முட்டை எல்லாம் கடைக்குப் போயிடும். பால் சொசைற்றிக்குப் போயிடும். அந்தக் காசிலை மிஞ்சினதுக்கு நூடில்ஸ் வாங்கி வருவன், பிள்ளையள் ஆசைப்படுதுகள் எண்டு.”

இது அந்த ஒரு வீட்டின் கதை அல்ல. கிழமைக் கடன் எப்படி வடக்கு கிழக்குப் பெண்களைச் சுற்றி வளைத்தது என்பது தெரிந்ததே. 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நிலுவை நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது முற்றியிருந்தது. கடனைப் பற்றி வட்டிக் கணக்கோடு எல்லோரும் பேசுகிறார்கள். அது பிள்ளையின் கோப்பையிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டு போனதைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

இந்தத் தங்கச்சி இரண்டு வருடம் கஷ்டப்பட்டுக் கடனைக் கட்டி முடித்தார். பிறகு எடுக்கவில்லை. அயலில் ஆறு பெண்கள் சேர்ந்து மாதச் சீட்டு ஒன்று நடத்துகிறார்கள். வீட்டுக்குள் ஒரு சட்டமும் போட்டிருக்கிறார். நாளுக்கு ஐந்து முட்டை கிடைத்தால் மூன்று கடைக்கு, இரண்டு வீட்டுக்கு. இரண்டுதான் கிடைத்தால் இரண்டும் வீட்டுக்கு. பால் ஒரு போத்தல் முதலில் எடுத்து வைத்த பிறகுதான் சொசைற்றிக் கான் நிரம்பும்.

மகளுக்குக் கிளினிக்கில் தந்த இரும்புச் சத்துக் குளிசையை மகள் வயிற்றைப் பிரட்டுது என்று ஒளித்து வைத்திருந்ததும் பிறகுதான் தெரிய வந்ததாம். இப்போது இரவில் படுக்கப் போகும்போது தேசிக்காய்த் தண்ணீரோடு தாய் நின்று விழுங்க வைக்கிறார். கல்சியக் குளிசையை அதோடு சேர்த்துக் கொடுக்காமல் வேறு நேரத்துக்கு மாற்றிவிட்டார். கீரை எவ்வளவு சாப்பிட்டாலும் இந்த நிலையில் குளிசைக்கு ஈடாகாது என்று குடும்பநல உத்தியோகத்தர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இதை நானும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நாட்டுச் சாப்பாட்டைப் புகழ்ந்து எழுதும்போது சிலர் குளிசையை எறிந்துவிடுகிறார்கள். திரிபோஷாவும் அப்படித்தான். அது கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் அளந்து தருவது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த அந்த மாவில் சீனி போட்டு உருண்டை பிடித்து முழு வீடும் தின்றால் உரியவளுக்கு என்ன மிஞ்சும்?

வளவைச் சுற்றிப் பார்த்தோம். வீட்டுத்தோட்டம் என்றதும் படத்தில் வருவதுபோல் பாத்தி பாத்தியாகத் தக்காளியும் கரட்டும் இருக்கும் என்று எண்ணாதீர்கள். அப்படியும் ஒருமுறை செய்திருக்கிறார். ஒரு திட்டத்தில் விதைப் பைக்கற்றுகளும் நீர்த் தெளிப்பானும் கொடுத்துப் படமும் பிடித்துக்கொண்டு போனார்களாம். எல்லாம் கலப்பின விதை. அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த முறை தாயைப் போலக் காய்க்காது. ஆவணியில் கிணறு அடியைக் காட்டும். மிச்சத்தைக் குரங்கு பார்த்துக்கொண்டது. வன்னியில் தோட்டம் செய்கிற எவரிடமும் கேளுங்கள், முதலில் குரங்கைச் சொல்வார்கள், பிறகு மயிலை, பிறகுதான் மழையை.

இப்போது இருப்பது வேறு மாதிரி. வேலிக்குக் கிளிசரியா. அதன் குழையை வெட்டிக் கத்தரியின் அடியில் போட்டால் உக்கிப் பசளையாகும், மாட்டுக்கும் கொடுக்கலாம். வேலியில் குறிஞ்சாவும் கொவ்வையும் ஏற்றியிருக்கிறார். குறிஞ்சா கைப்பதால் குரங்கு சீண்டுவதில்லை என்றார். மூலையில் நாலு முருங்கை. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வாய்க்காலால் வாழைக்குழிக்குப் போகிறது. கிணற்றடி ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும். மரவள்ளி பத்துத் தடி. நிலத்துக்குள் இருப்பதால் தேவையானபோது கிண்டலாம். கத்தரிக்குப் பூச்சி வந்தால் காலைப் பனியோடு அடுப்புச் சாம்பல் தூவுகிறார். மழைக்காலத்தில் கௌபியும் பயறும் கச்சானும் போட்டு, விதையைச் சாம்பலில் பிரட்டிப் போத்தலில் அடைத்து வைத்திருந்ததைக் காட்டினார். இவை அவரைக் குடும்பத்துப் பயிர்கள். வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்ப்பதால் யூரியாச் செலவும் குறைகிறது. மைசூர்ப் பருப்பு கப்பலில் வருகிறது, டொலர் ஏறினால் அதுவும் ஏறும். நம் மண்ணில் விளைகிற பயறை ஊறவைத்து முளைகட்டினால் ஒரு கிலோ ஒன்றரைக் கிலோவாகத் தெரியும், விரைவாக வேகும், விறகும் மிச்சம். சோறும் பயறும் சேர்ந்தால் ஒன்றில் குறைகிற புரதத்தை மற்றது நிரப்பும்.

மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. சிவப்புப் பச்சையரிசிச் சோறு, குளத்து ஜப்பான் மீன் குழம்பு, நான் கொண்டுபோன முசுட்டையில் வறை. ஜப்பான் என்று நாம் சொல்லும் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன். அதன் பூர்வீகம் ஆபிரிக்கா, ஜப்பானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வன்னிக் குளங்களெல்லாம் அது பெருகிக் கிடக்கிறது. கடல் மீனைவிட விலை குறைவு. சேற்று மணம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. உப்பும் தேசிக்காயும் தேய்த்துக் கால் மணித்தியாலம் வைத்துக் கழுவினால் போய்விடும்.

பரிமாறியபோது மகளின் கோப்பைக்குத்தான் முதலில் மீன் விழுந்தது. பிறகு எனக்கு, பிறகு பள்ளிக்கூடத்தால் வந்த இரண்டு பிள்ளைகளுக்கு. தங்கச்சிக்கு வால் துண்டும் குழம்பும். “உங்களுக்கு?” என்றேன். “நான் பேந்து சாப்பிடுவன்” என்றார். அந்தப் ‘பேந்து’ எல்லா வீட்டிலும் இருக்கிறது. மகளின் 9 எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அந்தப் பேந்திலிருந்துதான் வந்தது என்று எனக்குப் படுகிறது. தாய் கடைசியாகச் சாப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் கலியாணம் கட்டியதும் தானும் கடைசியாகச் சாப்பிட்டிருக்கிறாள். நான் இதைச் சொன்னபோது தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. மகள் எழுந்து தன் கோப்பையிலிருந்த மீனில் பாதியைப் பிய்த்துத் தாயின் கோப்பையில் வைத்தாள். “வேண்டாம் எண்டு சொல்லாதையுங்கோ அம்மா” என்றாள்.

இன்னொன்று. மகளுக்குக் காலையில் இலைக்கஞ்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வல்லாரையும் முசுட்டையும் இடித்துப் பிழிந்த சாறு, கைக்குத்தரிசி, உள்ளி, கொஞ்சத் தேங்காய்ப்பால். மிக நல்ல சாப்பாடு, செலவும் குறைவு. தங்கச்சி தினமும் காய்ச்சுகிறார். ஆனால் ஒரு வாய் குடிப்பதில்லை. உப்புச் சரியா என்று மகளைத்தான் பார்க்கச் சொல்கிறார். 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் அரிசியும் தண்ணீரும் கிடைத்தால் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களில் அவரும் ஒருவர். வைகாசி மாதத்தில் நினைவுக்காகக் காய்ச்சி வீதியில் கொடுக்கும்போது மட்டும் வாங்கிக் குடிப்பாராம். “அது குடிக்க வேணும். மற்ற நாளிலை என்னாலை ஏலாது.” கஞ்சி குடியுங்கள், கஞ்சி நல்லது என்று சுகாதாரப் பக்கங்களில் எழுதுகிற எவரும் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். உங்களில் யாருக்காவது அப்படி இருந்தால் கஞ்சியை விடுங்கள். அதே இலையைச் சம்பலாக அரைத்துச் சோற்றோடு சாப்பிடலாம், குரக்கன் பிட்டில் முருங்கையிலையை அரிந்துபோட்டு அவிக்கலாம். குரக்கனில் அரிசியைவிடப் பலமடங்கு கல்சியம் உண்டு. வயிற்றுக்கு ஒரே வழிதான் என்று ஒன்றுமில்லை.

பிற்பகல் மூன்று மணி பஸ்ஸில் புதுக்குடியிருப்புத் தாண்டிப் போனேன். வீதியோரம் பாலைப்பழம் விற்றார்கள். ஒரு பேணி வாங்கினேன். பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தால் வாயெல்லாம் பால் ஒட்டிக்கொண்டு சிரித்தது. வற்றாப்பளைப் பக்கம் போகிறவர்கள் இறங்கினார்கள். வைகாசிப் பொங்கலுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிற கண்ணகை அம்மன் கோயில் அங்கேதான்.

வட்டுவாகலில் இறங்கியபோது நந்திக்கடல் வெயிலுக்கு வெள்ளையாகக் கிடந்தது. கரையோரம் இறால் விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம் போனேன். நல்ல இறால் எல்லாம் ஐஸ் பெட்டியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

“அது கொழும்புக்கு. எடுக்கேலாது. இதை எடுங்கோ” என்று கூனியையும், விரல் நீளத்துச் சின்ன மீனையும் காட்டினார்.

“இதை ஒருத்தரும் வாங்கிறேல்லையே?”

“வாங்கிச்சினம் எண்டால் நான் ஏன் வீட்டை கொண்டு போறன்? எங்கடை பிள்ளையள் இதுதான் தின்னுறது. முள்ளோடை பொரிச்சால் முறுமுறு எண்டு இருக்கும்.”

பிள்ளைகள் முள்ளோடு தின்கிற சின்ன மீனில் இருக்கும் கல்சியம், துண்டாக வெட்டி முள் எடுத்துப்போடுகிற பெரிய மீனில் கிடைக்காது. கூனியை வெயிலில் காயவைத்து வறுத்துச் சம்பலில் இடித்தால் ஒரு மாதத்துக்கும் இருக்கும். பிறசர் உள்ளவர்கள் மட்டும், உப்புப் போட்டுக் காயவைத்ததாக இருந்தால், தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுச் சமைக்க வேண்டும். நான் அரைக் கிலோ கூனியும் ஒரு குவியல் சின்ன மீனும் கேட்டேன். விலை சொன்னார். பேரம் பேசவில்லை. சொப்பிங் பைக்குக் கை நீட்டியவர், நான் தோளில் கொழுவியிருந்த உமலைக் கண்டுவிட்டு நிறுத்தினார்.

“இது எங்கை வாங்கினது?”

“கொடிகாமத்திலை.”

வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னல் எப்படித் தொடங்குகிறது என்று அடியைத் தடவிப் பார்த்தார். “எங்கடை அம்மா இழைக்கிறவ. நான் பழகேல்லை” என்று சொல்லிக்கொண்டே மீனை அதற்குள் போட்டு, மேலே கொஞ்சம் ஈரமான பூவரசம் இலையை மூடித் தந்தார். பஸ் வருவதற்குள், ஓலை கிடைத்தால் யாரிடம் பழகலாம் என்று இரண்டுமுறை கேட்டுவிட்டார். விசுவமடுவில் அந்தத் தங்கச்சியின் தாயார் இழைப்பார் என்று சொல்லி, போகும் வழியைக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினேன்.